நீட்டிய கூரையும் நிமிர்ந்த இருக்கையும்

வால்வோ நிறுவனத்தின் வி90 என்ற ஸ்டேஷன் வேகன் 4.94 மீட்டர் நீளமானது. நம் ஊரில் கல்யாண மண்டப வாசலில் வரிசை கட்டி நிற்கும் இன்னோவா கிரிஸ்டா 4.74 மீட்டர்தான். அகலத்திலும் வால்வோவுக்கே ஐந்து சென்டிமீட்டர் கூடுதல். ஆனால் பெரிய வண்டியில் ஐந்து பேர்தான் உட்காரலாம். சிறிய வண்டியிலோ ஏழு பேர், நெருங்கி உட்கார்ந்தால் எட்டுப் பேர். தரையில் குறைந்த இடத்தை அடைத்துக்கொண்டு இரண்டு மூன்று பேரை எப்படிக் கூடுதலாக ஏற்றிக்கொள்கிறது இன்னோவா?

‘உயரம்தான் காரணம்’ என்று சட்டென்று சொல்லிவிடலாம். வேகன் 1.48 மீட்டர் உயரம், இன்னோவா 1.80 மீட்டர் உயரம். பதில் சரிதான், ஆனால் பாதிப் பதில். கூடிய உயரம் தலைக்கு மேல் வெறும் காற்றாகத்தானே இருக்கப்போகிறது? அந்த இடத்தில் தலைப்பாகை கட்டிக்கொள்ளலாம், இன்னொருவரை உட்காரவைக்க முடியாது. செங்குத்தாகக் கிடைத்த இடம் முன்னும் பின்னுமாக ஒரு வரிசை இருக்கையாக மாறுவது எப்படி என்று தெரிந்துவிட்டால், ஸ்டேஷன் வேகனுக்கும் எம்.பி.வி. என்கிற பல்பயன் பயணி வாகனத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் முக்கால்வாசி தெரிந்த மாதிரி.

விடை நம் காலில் இருக்கிறது.

வண்டிக்குள் மனிதரை வைத்து வரையும்போது வடிவமைப்பாளர்கள் எச்-பாயின்ட் என்ற ஒரு புள்ளியிலிருந்து தொடங்குவார்கள். உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு மூட்டு இருக்கும் இடம் அது. குதிகால் பதியும் தளத்திலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். ஒரு நடுத்தர உயரக்காரருக்கு இடுப்பிலிருந்து முழங்கால்வரை 45 சென்டிமீட்டர், முழங்காலிலிருந்து குதிகால்வரை 43 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். செடானிலும் வேகனிலும் அவருடைய இடுப்பு குதிகாலைவிட 25 சென்டிமீட்டர் அளவுக்கே உயர்ந்திருக்கும். இவ்வளவு தாழ உட்கார்ந்தவர் காலை அதிகம் மடக்க முடியாது. மடக்கினால் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். ஆகவே முழங்காலை 110 பாகை அளவுக்கு விரித்து, காலை முன்னே நீட்டிக்கொள்கிறார். பள்ளிக்கூட முக்கோணவியலே போதும்: இடுப்புக்கும் குதிகாலுக்கும் இடையே தரைமட்டத்தில் 67 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது.

இப்போது இருக்கையை 12 சென்டிமீட்டர் உயர்த்துவோம். இடுப்பு 37 சென்டிமீட்டரில் இருந்தால் முழங்கால் 95 பாகைக்கு மடங்கினாலும் உறுத்தாது. தரைமட்ட தூரம் 53 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். கால் மடங்கிவிட்டதால் முதுகையும் கொஞ்சம் நிமிர்த்தலாம். சாய்வை 25 பாகையிலிருந்து 20 ஆக்கினால் இன்னும் ஐந்து சென்டிமீட்டர் மிச்சம். ஆக, ஒரு வரிசைக்கு 19 சென்டிமீட்டர். மூன்று வரிசைக்கு அரை மீட்டருக்கு மேல். ஈஸிசேரில் சாய்பவருக்குத் தேவைப்படும் தரை, சாப்பாட்டு மேசை நாற்காலியில் நிமிர்ந்திருப்பவருக்குத் தேவையில்லை, அதே கணக்குதான். மூன்றாவது வரிசைக்கான இடம் வண்டியை நீட்டியதால் கிடைத்ததல்ல, உட்கார்ந்திருப்பவர்களை நிமிர்த்தியதால் கிடைத்தது.

வேகன் இதற்கு நேர்மாறான வழியில் வந்த வண்டி. அது செடான் காரேதான். என்ஜின், முன்கதவு, முன்னிருக்கை, தரை, அச்சு எல்லாம் அப்படியே இருக்கும். செடானில் பின்கண்ணாடியோடு சரிந்து இறங்கிவிடும் கூரையை வால்வரை நீட்டி, அங்கே ஒரு கதவு வைத்தால் வேகன். உட்காருபவர் உட்காரும் விதம் மாறவில்லை. டிக்கிக்கு மேலே வீணாகிக்கொண்டிருந்த காற்று மட்டும் உள்ளே சேர்ந்துகொண்டது. வேகன் நீட்டியது சாமானுக்காக, எம்.பி.வி. உயர்த்தியது ஆளுக்காக. இரண்டையும் பக்கவாட்டில் பார்த்து, இரண்டுமே பெட்டிதானே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். வேகனில் கீழே இறங்கி உட்காருவோம், எம்.பி.வி.யில் அப்படியே நகர்ந்து உட்காருவோம். மூட்டு வலிக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் எந்தப் பொறியாளரையும்விட நன்றாகத் தெரியும்.

சாமானுக்காகத்தான் வேகன் பிறந்தது என்பதற்கு அதன் பெயரே சாட்சி. 1910களில் அமெரிக்க ரயில் நிலையங்களில் இறங்கும் பயணிகளையும் அவர்களுடைய டிரங்குப் பெட்டிகளையும் ஓட்டலுக்குக் கொண்டுபோக, ஃபோர்டு மாடல்-டி சேசிஸ் மீது உள்ளூர்ப் பட்டறைக்காரர்கள் மரத்தாலான உடம்பைக் கட்டி ஓட்டினார்கள். ‘டிப்போ ஹேக்’ என்று அதற்குப் பெயர். 1929இல் ஃபோர்டே தன் மாடல்-ஏ காரில் தொழிற்சாலைத் தயாரிப்பாக ஸ்டேஷன் வேகனைக் கொண்டுவந்தது. மரம் மிச்சிகன் மாநிலத்தின் அயர்ன் மவுண்டன் பகுதியிலிருந்து வந்தது. ஃபோர்டுக்கு அங்கே சொந்தக் காடும் மரவேலை ஆலையும் இருந்தன. மர உடம்பு பார்க்க அழகு, பராமரிக்கத் தொல்லை. மழையில் ஊறும், மூட்டு தளர்ந்து கிறீச்சிடும், அடிக்கடி வார்னிஷ் கேட்கும். 1946இல் வில்லிஸ் ஜீப் வேகனும் 1949இல் பிளிமத் சபர்பனும் முழு எஃகு உடம்போடு வந்தபிறகுதான் வேகன் குடும்ப வண்டியாயிற்று. மரத்தின் மோகம் மட்டும் போகவில்லை. எஃகுத் தகட்டின் மேல் மர வரிகள் அச்சிட்ட வினைல் தாளை ஒட்டி விற்றார்கள். அந்தத் தாளை மறுபடி சந்திப்போம்.

போருக்குப் பிந்தைய அமெரிக்கா குழந்தைகள் நிறைந்த நாடு. புறநகர் வீடு, மூன்று நான்கு பிள்ளைகள், ஒரு நாய். சாமானுக்கான வண்டியில் இப்போது ஆட்களை ஏற்ற வேண்டியிருந்தது. இங்கேதான் வேகன் திணறியது. அதன் தரைக்கடியில் பின்சக்கரங்களுக்குப் போகும் நீண்ட தண்டு, அதன் முடிவில் பருத்த பின்னச்சு. அந்த அச்சுக்கு மேலே முன்னோக்கிய மூன்றாவது வரிசை வைத்தால் காலை வைக்கப் பள்ளமில்லை. முழங்கால் தாடையைத் தொடும். ஆகவே இருக்கையைத் திருப்பிவிட்டார்கள். அச்சுக்குப் பின்னால் தரையில் இருந்த குழியில் காலை இறக்கிக்கொண்டு, பின்பக்கம் பார்த்தபடி பிள்ளைகள் பயணம் செய்தார்கள். ஃபோர்டு கொஞ்சம் வேறுவிதமாக, எதிரெதிராகப் பார்க்கும் இரண்டு குட்டி இருக்கைகளைப் பக்கவாட்டில் வைத்தது. ஓல்ட்ஸ்மொபில் 1964இல் கொண்டுவந்த விஸ்டா குரூசரில் பின்கூரையைச் சற்று உயர்த்திக் கண்ணாடி பதித்து, மூன்றாவது வரிசையை முன்பக்கம் பார்க்கவைத்தது. எம்.பி.வி.யின் விதை அந்த உயர்ந்த கூரையில் இருந்தது என்பது என் எண்ணம். ஆனால் அடித்தளம் மாறாததால் அது முளைக்கவில்லை.

பின்னால் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்தும் இருந்தது. வேகனின் வால் செங்குத்தாக முடிகிறது. ஓடும்போது கூரையையும் பக்கங்களையும் தழுவி வரும் காற்று அந்த விளிம்பில் பிய்த்துக்கொண்டு போய்விடும். வண்டியின் முதுகுப்புறத்தில் அழுத்தம் குறைந்த ஒரு சுழல்குட்டை உருவாகும். புகைக்குழாய் வெளியேற்றுவது சரியாக அந்தக் குட்டைக்குள்தான். பின்கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு கலந்த புகை வண்டிக்குள்ளே இழுக்கப்படும். மணமில்லாத, நிறமில்லாத நஞ்சு. சாலைத் தூசியும் அதே சுழலில் சிக்கிப் பின்கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும். செடானில் பெரும்பாலும் இல்லாத பின்-வைப்பர் வேகனிலும் எம்.பி.வி.யிலும் இருப்பதற்குக் காரணம் இதுதான். சில பழைய அமெரிக்க வேகன்களின் கூரை நுனியில் ஒரு தகடு வளைந்து நிற்கும். காற்றைக் கீழே திருப்பிக் கண்ணாடியைக் கழுவவைக்கும் ஏற்பாடு.

ஓசையிலும் இந்தப் பெட்டி வடிவம் விளையாடும். இருபுறமும் மூடிய ஒரு குழாயில் காற்று எந்த அதிர்வெண்ணில் எளிதாக முழங்கும் என்பதை அதன் நீளம் தீர்மானிக்கிறது. செடானில் பின்னிருக்கையோடு அறை முடிந்துவிடும். ஏறக்குறைய இரண்டு மீட்டர். வேகனில் கண்ணாடியிலிருந்து பின்கதவுவரை 2.7 மீட்டர் திறந்த அறை. ஒலி வேகம் விநாடிக்கு 340 மீட்டர், அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 63 ஹெர்ட்ஸ். நாலு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 1,900 சுற்றில் ஓடும்போது அதன் துடிப்பும் 63 ஹெர்ட்ஸ்தான். இரண்டும் ஒத்துப்போனால் காதுக்குள் ‘பூம்ம்’ என்று ஒரு அமுக்கம். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகும்போது என்ஜின் சுழலும் வேகமும் இந்த அளவுதான் என்பது வயிற்றெரிச்சல். கூடுதல் வலுவூட்டல், தார்ப்பட்டைகள், ரப்பர் தாங்கிகள் என்று பொறியாளர்கள் சேர்க்கும் கிலோக்களில் கணிசமான பங்கு இந்த ஒரு முழக்கத்தை அடக்கத்தான் செலவாகிறது. எம்.பி.வி.க்கும் இதே நோய் உண்டு. பெட்டி இன்னும் பெரிது.

இனி 1970களுக்கு வருவோம். ஃபோர்டு கன்ட்ரி ஸ்குவயர் போன்ற அமெரிக்க வேகன்கள் அப்போது ஐந்தரை மீட்டரைத் தாண்டி வளர்ந்திருந்தன. 1973 எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் எரிசக்திச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஒவ்வொரு நிறுவனமும் ஓர் ஆண்டில் விற்கும் கார்கள் சராசரியாக ஒரு கேலனுக்கு எத்தனை மைல் ஓட வேண்டும் என்று அது வரையறுத்தது: 1978இல் 18 மைல், 1985இல் 27.5 மைல். இலகு டிரக்குகளுக்குத் தனிக்கணக்கு, தளர்வான இலக்கு. விவசாயியின் பிக்கப்பையும் நகரத்தாரின் காரையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் சட்டத்தின் பார்வையில் வேகன் ‘கார்’. விற்ற ஒவ்வொரு பெரிய வேகனும் நிறுவனத்தின் கார் சராசரியைக் கீழே இழுத்தது.

டிரக் என்றால் எது? பல அடையாளங்களில் ஒன்று, பின்னிருக்கைகளைக் கழற்றினால் தட்டையான சரக்குத் தளம் கிடைக்க வேண்டும் என்பது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த கதையைப் படிக்க வேண்டும்.

ஹால் ஸ்பெர்லிக் ஃபோர்டில் இருந்தபோது, தாழ்ந்த தரையும் முன்சக்கர இயக்கமும் கொண்ட, பின்னாளில் மினிவேன் எனப்பட்ட ஒரு குட்டி வேன் வேண்டும் என்று வாதாடியவர். நிறுவனத் தலைவர் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு மசியவில்லை. ஸ்பெர்லிக் வெளியேற்றப்பட்டு 1977இல் கிரைஸ்லருக்குப் போனார். அடுத்த ஆண்டு அவருடைய மேலதிகாரி லீ ஐயகோக்காவும் வெளியேற்றப்பட்டு அங்கேயே வந்துசேர்ந்தார். கிரைஸ்லர் அப்போது திவாலின் விளிம்பில் நின்றது. 1980 ஜனவரியில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட 150 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தில்தான் அது மூச்சுவிட்டது. கையில் இருந்ததெல்லாம் கே-கார் என்ற சிக்கனமான முன்சக்கர இயக்கக் காரின் பாகங்கள். அந்தப் பாகங்களை வைத்துத்தான் டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் என்ற இரட்டையர்கள் உருவானார்கள். 1983 நவம்பரில் கனடாவின் வின்ட்சர் ஆலையில் தயாரிப்பு தொடங்கியது.

இந்த வண்டியின் அழகு அதன் அளவுகளில்தான். நீளம் ஏறக்குறைய 4.47 மீட்டர், பழைய பெரிய வேகன்களைவிட ஒரு மீட்டருக்கு மேல் குறைவு. உயரம் 1.64 மீட்டர்; வீட்டு கராஜ் கதவுக்குள் நுழையும். என்ஜின் முன்னால் குறுக்காகக் கிடக்க, முன்சக்கரங்களே வண்டியை இழுத்தன. பின்னால் போகும் தண்டு இல்லை, அதற்கான மேடும் இல்லை. தரை தாழ்ந்து தட்டையாயிற்று. தாழ்ந்த தரைமீது உயர்ந்த இருக்கை. நாம் மேலே போட்ட கணக்கு அப்படியே வேலை செய்தது. பின்னச்சு மட்டும் பழைய காலத்துப் பட்டை வில்களில் தொங்கியது. பார்க்க நாட்டுப்புறமாக இருந்தாலும் பட்டைகள் தரைக்குக் கீழே படுத்துக்கிடக்கும், உள்ளிடத்தைத் தின்னாது. சறுக்குக் கதவு ஒரே பக்கம்தான், ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம். இரண்டாவது சறுக்குக் கதவு 1996ஆம் ஆண்டு மாடலில்தான் வந்தது.

பின்னிருக்கைகள் கழற்றக்கூடியவையாக இருந்தன. சோபா ஏற்றலாம், அலமாரி ஏற்றலாம் என்று விளம்பரம் சொன்னது. கழற்றினால் தட்டையான தளம் கிடைக்கும், ஆகவே சட்டப்படி இது டிரக் என்பதை விளம்பரம் சொல்லவில்லை. பாதுகாப்பு விதிகளில் இன்னொரு விசித்திரம். அங்கே ‘பல்பயன் பயணி வாகனம்’ என்ற ஒரு வகை இருந்தது: பத்துப் பேர் அல்லது அதற்குக் குறைவானவர்களை ஏற்றும், டிரக் சேசிஸ் மீது கட்டப்பட்ட, அல்லது எப்போதாவது கரடுமுரடான நிலத்தில் ஓட்டுவதற்கான அமைப்புகள் கொண்ட வாகனம். கே-காரின் பாகங்களில் பிறந்து, பள்ளிக்கூடத்துக்கும் மளிகைக் கடைக்கும் மட்டுமே போகப்போகிற வண்டி இந்த வகையில் போய் உட்கார்ந்தது. விளைவு வேடிக்கையானது. பின்கண்ணாடியில் எரியும் மூன்றாவது பிரேக் விளக்கு 1986 மாடல் ஆண்டிலிருந்து கார்களுக்குக் கட்டாயம். வேகன் கார் என்பதால் அதற்கும் கட்டாயம். மினிவேனுக்கு அது கட்டாயமானது 1994 மாடலில்தான். ஒரே குடும்பம், அதே பிள்ளைகள், அதே சாலை. எட்டு ஆண்டுகள் வித்தியாசம். வேகனைச் சாகடித்தது மக்களின் ரசனை என்று சொல்பவர்கள் இந்தச் சட்டப் பிரிவுகளையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

கன்ட்ரி ஸ்குவயர் 1991இல் நின்றது. ப்யூக் ரோட்மாஸ்டர், ஷெவ்ரோலெ கப்ரீஸ் என்ற கடைசிப் பெரிய வேகன்கள் 1996இல் நின்றன. மர வரி வினைல் தாள் மட்டும் பிழைத்துக்கொண்டது. மினிவேன்களின் பக்கவாட்டில் அது ஏறியது. 1941இல் நிஜ மர வேகனாகத் தொடங்கிய கிரைஸ்லரின் ‘டவுன் அண்ட் கன்ட்ரி’ என்ற பெயரும் 1990 மாடலில் மினிவேனுக்கு இடம் மாறியது. சட்டத்தின் வாலை மறுபடி மிதித்தது அதே நிறுவனத்தின் பி.டி. குரூசர், 2000இல் வந்த அந்தக் குட்டிக் காரின் பின்னிருக்கையைக் கழற்றலாம் என்பதால் எரிபொருள் கணக்கில் அதுவும் டிரக்.

பிரான்சில் கதை வேறு மாதிரி. மாட்ரா நிறுவனம் வடிவமைத்த வண்டியைப் பேஜோ தயங்கித் தள்ளிவிட, ரெனோ ஏற்றுக்கொண்டு 1984இல் எஸ்பாஸ் என்று விற்றது. துத்தநாகம் பூசிய எஃகுச் சட்டத்தின் மேல் ஃபைபர் உடம்பு. முதல் மாதத்தில் விற்றவை ஒன்பதே வண்டிகள். பிறகு அது ஐரோப்பாவுக்கே எம்.பி.வி.யைக் கற்றுக்கொடுத்தது.

ஆனாலும் ஐரோப்பாவில் வேகன் சாகவில்லை. ஏன் என்பதற்கு இயற்பியல் ஒரு நல்ல விடை தருகிறது.

காற்றைக் கிழித்துச் செல்ல வேண்டிய விசை, வண்டியின் முன்பரப்பையும் அதன் வடிவத்தைக் குறிக்கும் தடைக் குணகத்தையும் பெருக்கிய தொகைக்கு ஏற்ப இருக்கும்; வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு, செலவாகும் திறன் எட்டு மடங்கு. வேகனின் முன்பரப்பு செடானுடையதேதான், 2.2 சதுர மீட்டர், குணகம் 0.28 என்று கொள்வோம். உயர்ந்த எம்.பி.வி.க்கு 2.7 சதுர மீட்டர், 0.32. மணிக்கு 90 கிலோமீட்டரில் காற்றுக்கு மட்டும் வேகன் 5.8 கிலோவாட் கொடுக்கிறது, எம்.பி.வி. 8.1. வித்தியாசம் 2.3 கிலோவாட், குடும்பத்தை உட்காரவைத்ததற்குக் கொடுக்கக்கூடிய விலைதான். 160 கிலோமீட்டருக்குப் போங்கள்: 32-க்கு எதிரே 45. வித்தியாசம் 13 கிலோவாட். அமெரிக்காவில் 1974 முதல் பல ஆண்டுகள் நாடு முழுக்க வேக வரம்பு 55 மைலாக இருந்தது, அதாவது மணிக்கு 90 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. மினிவேன் பிறந்து வளர்ந்தது அந்த வரம்புக்குள். ஜெர்மனியின் ஆட்டோபானில் வரம்பே இல்லாத நீண்ட பகுதிகள் உண்டு, பெட்ரோலும் விலை அதிகம். அங்கே தாழ்ந்த கூரைக்கு இன்றும் மதிப்பு இருப்பதில் வியப்பில்லை. மெர்சிடிஸ் 1977இல் காட்டிய தன் முதல் தொழிற்சாலை வேகனில், சாமான் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாதபடி எண்ணெய் அழுத்தத்தில் தானே மட்டம் பிடிக்கும் சஸ்பென்ஷனை வைத்தது. நிறைந்த டிக்கியோடு விரைந்து போகிறவர்களை நினைத்துச் செய்த வேலை.

உயரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, ஈர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை இந்த எண்ணைக் கொண்டே வண்டி எவ்வளவு எளிதில் கவிழும் என்று மதிப்பிடத் தொடங்கியது. சாதாரணக் கார்களும் வேகன்களும் 1.3 முதல் 1.5 வரை இருக்கும். உயர்ந்த வண்டிகள் 1.0 முதல் 1.3 வரை. அகலம் 1.55 மீட்டர், மைய உயரம் 54 சென்டிமீட்டர் என்றால் 1.44. மையம் 66 சென்டிமீட்டருக்கு ஏறினால் 1.17. காய்ந்த சாலையில் டயரின் பிடிப்பு ஒன்றுக்கும் கீழே என்பதால் இரண்டு வண்டியுமே கவிழுமுன் வழுக்கிவிடும். வழுக்கும்போது சக்கரம் சாலையோர மண்ணிலோ நடைமேடைக் கல்லிலோ தட்டினால்தான் அந்தச் சிறிய எண் தன் வேலையைக் காட்டும்.

இதில் நம் ஊர் வழக்கம் ஒன்று சேர்ந்துகொள்கிறது. ஏழு இருக்கையும் நிறைந்த எம்.பி.வி.யில் டிக்கி என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாது. சென்னை ஒரகடத்தில் தயாராகும் ரெனோ டிரைபர் இதை ஒளிக்காமல் எண்ணிலேயே காட்டுகிறது. நான்கு மீட்டருக்குள் மூன்று வரிசை வைத்த வண்டி அது. மூன்றாவது வரிசை இருந்தால் 84 லிட்டர், அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தால் 625 லிட்டர். கோயில் சுற்றுலா போகிற ஏழு பேரின் பைகள் 84 லிட்டரில் அடங்குமா? மேலே கேரியரில் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கயிற்றில் கட்டுகிறோம். ஈர்ப்பு மையம் இன்னும் ஏறுகிறது, முன்பரப்பு இன்னும் பெருகுகிறது. வேகன்காரர் கேரியர் இல்லாமலே சமாளிப்பார், ஆனால் அவரோடு ஐந்து பேர்தான் வருவார்கள். அவருக்கும் ஒரு பயம் உண்டு: சாமானுக்கும் ஆட்களுக்கும் இடையே செடானில் இருப்பதுபோல் தடுப்பு கிடையாது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பத்தில் ஒரு விநாடியில் நின்றால், 20 கிலோ பெட்டி 280 கிலோ எடைபோல் பின்னிருக்கையைத் தாக்கும். வேகனின் பின்னிருக்கை முதுகு உறுதியாக இருக்க வேண்டும், வலையும் கட்ட வேண்டும்.

இந்தியாவில் வேகன் வேரூன்றவே இல்லை. மாருதி பலேனோ ஆல்டுரா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி, டாடா இண்டிகோ மரீனா என்று ஒவ்வொன்றாக வந்து போயின. நல்ல வண்டிகள்தான். ஆனால் ஒரு வண்டி எத்தனை பேரைக் கொள்ளும் என்பதே இங்கே முதல் கேள்வி. சாமான் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். 2000இல் டொயோட்டா குவாலிஸ் வந்தபோது அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது. அதன் மூதாதை இந்தோனேசியாவில் 1977இல் பிறந்த கிஜாங் என்ற எளிய பிக்கப். அமெரிக்க மினிவேன் காரிலிருந்து வந்தது, நம்முடையது சரக்கு வண்டியிலிருந்து வந்தது. 2005இல் இங்கே வந்த இன்னோவாவும் பின்னால் வந்த கிரிஸ்டாவும் அதே ஏணிச் சட்டத்தின் மேல்தான் நின்றன. ஏணிச் சட்டம் முரட்டுத்தனமானது, பள்ளமான சாலையில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைக்கும்; டாக்ஸிக்காரர்கள் அதை விட்டுக்கொடுக்காததற்கு நியாயம் உண்டு. ஆனால் தரை அந்தச் சட்டத்துக்கு மேலே போய்விடுகிறது. அதனால்தான் பாட்டி ஏறும்போது ஒருவர் கைபிடிக்க வேண்டியிருக்கிறது. 2022இல் அறிமுகமான ஹைகிராஸில் டொயோட்டா ஏணிச் சட்டத்தைக் கைவிட்டு, சட்டமும் உடம்பும் ஒன்றேயான உடற்கட்டும் முன்சக்கர இயக்கமும் கொண்ட வண்டியாக்கியது. ஸ்பெர்லிக் வந்த வழிக்கு இன்னோவா வந்துசேர நாற்பது ஆண்டுகள் ஆயின.

இப்போது மின்சாரக் கார்கள் இந்தக் கணக்கையெல்லாம் கலைத்துப் போடுகின்றன. தரைக்கடியில் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தடிமனுக்கு பேட்டரி படுத்துக்கொள்கிறது. குதிகால் மேலே வந்துவிடுகிறது. கூரை தாழ்ந்த வண்டியில் இடுப்பை உயர்த்த இடமில்லை. முழங்கால் மறுபடியும் நெஞ்சுக்கு. போர்ஷே தன் டைகானில் பின்னிருக்கைக்காரர்கள் கால் வைக்க பேட்டரியிலேயே ஒரு பள்ளம் விட வேண்டியிருந்தது. எம்.பி.வி.க்கு இந்தத் தொல்லை இல்லை. உயரம் ஏற்கெனவே இருக்கிறது. போதாததற்கு, பல நூறு கிலோ பேட்டரி அடியில் கிடப்பதால் ஈர்ப்பு மையமும் இறங்கி, கவிழும் பயமும் குறைகிறது. பழைய குறைகளில் காற்று ஒன்றுதான் எம்.பி.வி.யை விடாமல் துரத்துகிறது.

அது எவ்வளவு துரத்துகிறது என்பதைப் பார்க்க ஃபோக்ஸ்வாகனின் இரண்டு வண்டிகள் போதும். 2022இல் வந்த ஐ.டி.பஸ், 1.94 மீட்டர் உயரப் பெட்டி. 2024இல் வந்த ஐ.டி.7 டூரர், தாழ்ந்த வேகன், தடைக் குணகம் 0.24. இரண்டிலும் 77 கிலோவாட்-மணி பயன்படும் பேட்டரி. ஐரோப்பியச் சோதனையில் பெட்டி சுமார் 420 கிலோமீட்டர் போகிறது, வேகன் சுமார் 600. எடைக்கும் இதில் பங்குண்டு, பெரும்பங்கு காற்றுக்கு. கிலோமீட்டருக்கு 183 வாட்-மணி ஒன்றுக்கு, 128 மற்றதற்கு. ஐ.டி.பஸ்ஸின் நீண்ட வடிவத்தில் ஏழு பேர் உட்காரலாம். அதுவும் ஏறக்குறைய இதே அளவுதான் எடுக்கும் என்று கொண்டால், ஏழு பேர் நிறைந்தபோது தலைக்கு 26 வாட்-மணி. டூரரில் ஐந்து பேர் நிறைந்தபோதும் தலைக்கு 26. இரண்டு இருக்கை காலியாக இருந்தால் ஐ.டி.பஸ்ஸில் தலைக்கு 37 ஆகிவிடும். ஓட்டுநர் மட்டும் அலுவலகத்துக்குப் போய்வரும் நாளில் முழு 183-ம் அவர் ஒருவர் கணக்கில்தான்.